வடக்குச் சுவர் ஓரம்: பல்கலைக்கழகப் பதிவாளருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய பதிவாளர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம்.

"மூணே மூணு நாள்தாம்மா. குழு வந்துட்டுப் போனதும் பழையபடி போட்டுக்கோங்க." மார்ச் கடைசியில் வடக்குச் சுவர் ஓரத்தில் இருந்த எங்கள் கடைகளை எடுக்கச் சொல்லி உங்கள் பாதுகாப்பு அலுவலர் சொன்னது இது. அந்த மூன்று நாள் இன்னும் முடியவில்லை. இப்போது ஜூலை. மதிப்பீட்டுக் குழு வந்தது, பார்த்தது, போனது. நல்ல தரம் கிடைத்துவிட்டதென்று வாசலில் பிளக்ஸ் கட்டியிருக்கிறீர்கள். வாழ்த்துகள் ஐயா. நாங்கள் ஏழு கடைக்காரர்களும் இன்னும் கருவாட்டுப் பொட்டலில்தான் கிடக்கிறோம்.

நடந்தது எல்லாம் உங்களுக்குத் தெரியும். பேரூராட்சிக்குப் போன கடிதம் உங்கள் அலுவலகத்தில் இருந்துதான் போனது. நாங்கள் கொடுத்த இரண்டு மனுக்களும் உங்கள் மேசையில்தான் இருக்கும். அதனால் உங்களுக்குத் தெரியாத ஒன்றை மட்டும் சொல்கிறேன். காற்றைப் பற்றி.

நம் வளாகத்தின் வடக்குச் சுவர் எட்டடி உயரம். அதன் ஓரத்தில் பத்தொன்பது வருசம் ஆப்பமும் இடியாப்பமும் விற்றவள் நான். அந்தச் சுவருக்குத் தெற்கே நீங்கள் இருக்கிறீர்கள், உங்களுக்குத் தெற்கே கடல். வைகாசியில் கச்சான் காற்று பிடித்தால் ஆவணி வரை விடாது. இந்த மாதங்களில் மன்னார் வளைகுடாப் பக்கத்துத் தென்கடல் கொந்தளிக்கும். பாக் நீரிணைப் பக்கத்து வடகடல் குளம் மாதிரி கிடக்கும். இது இங்கே சின்னப் பிள்ளைக்கும் தெரியும். அந்தக் காற்றையும் அது அள்ளி வரும் மணலையும் இத்தனை வருசம் தடுத்தது உங்கள் சுவர்தான். கடைக்கு இடம் கொடுத்தது பேரூராட்சி. ஆனால் அடுப்பு அணையாமல் காத்தது நீங்கள். அந்த நன்றி இன்னும் இருக்கிறது.

பொட்டலில் மறைப்பு என்று ஒரு பனைமரம் கூட இல்லை. மீன் காயப்போடத் தோதான இடம். காற்று அடித்தால்தானே கருவாடு காயும்! காலை ஒன்பது மணிக்கு மேல் அடுப்புச் சுடர் நிமிர்ந்து எரியாது, படுத்துக்கொள்ளும். மூன்று பக்கமும் தகரம் வைத்தேன். காற்று நாலாவது பக்கமாக வந்தது. ஒன்பது நாள் வந்த சிலிண்டர் இப்போது ஐந்து நாளில் தீர்ந்துபோகிறது. தார்ப்பாய் இரண்டு கிழிந்தது. பக்கத்துக் கடை சுண்டல்காரரின் குடை பறந்து போய், நிறுத்தியிருந்த ஒரு பேராசிரியரின் காரில் கீறல் போட்டது. அதற்கும் சுண்டல்காரர்தான் ஈடு கொடுத்தார்.

இதெல்லாம் காசு. போனால் போகட்டும் என்று விடலாம். போன மாதம் ஒரு நாள் நடந்ததைத்தான் விட முடியவில்லை. விடுதியில் இருக்கும் பிள்ளை, ஆராய்ச்சி மாணவி. விடியுமுன்னே வள்ளத்தில் போய் கடல்தண்ணீர் எடுத்து வருகிறவள். திரும்பும்போது மணி பதினொன்று ஆகும், மெஸ் ஒன்பதுக்கே மூடியிருக்கும். அதனால் அந்த வெயிலில் பொட்டல் வரை நடந்து வந்தாள். மூன்று ஆப்பமும் சூடைமீன் குழம்பும் வைத்தேன். முதல் வாய் மென்றாள். 'நற' என்று எனக்கே கேட்டது. மாவுச் சட்டியை மூடித்தான் வைத்திருந்தேன், ஊற்றுகிற நேரத்தில் மணல் விழுந்திருக்கிறது. அந்தப் பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. குழம்பை மட்டும் தொட்டு நக்கினாள், பசியில்லைக்கா என்றாள், முழுக் காசையும் கொடுத்துவிட்டுப் போனாள். "என்னக்கா சமைக்கிறீங்க" என்று திட்டியிருந்தால் கூடத் தாங்கியிருப்பேன். அன்றைக்கு மிச்ச மாவைக் கொட்டிவிட்டு வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

உங்கள் கட்டடத்து மொட்டைமாடியில் காற்றை அளக்கும் கிண்ணங்கள் சுற்றுவதைப் பொட்டலில் இருந்தே பார்க்கிறேன். அது காட்டும் கணக்கை ஒருதரம் வாங்கிப் பாருங்கள். நான் எழுதியதில் மிகை இருந்தால் சொல்லுங்கள்.

எங்களுக்கு வடக்குச் சுவர் ஓரத்தைத் திருப்பித் தாருங்கள். இதுதான் கோரிக்கை. வேறு இல்லை.

சட்டம் பேச வரவில்லை. ஆனாலும் 2014ஆம் வருசத்துத் தெருவோர வியாபாரிகள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வியாபாரச் சான்றிதழ் வைத்திருப்பவரை அதில் குறித்த இடத்தில் இருந்து அகற்ற வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும் என்கிறது. தெருவோரக் கடைகளின் விசயத்தைக் கவனிக்கும் நகர வியாபாரக் குழுவில் 40 சதவீதத்துக்குக் குறையாமல் வியாபாரிகளே இருக்க வேண்டும், அவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்கிறது. எங்களுக்குக் கிடைத்த முன்னறிவிப்பு, முதல் நாள் சாயங்காலம் விசில் ஊதிச் சொன்னது. என் சான்றிதழில் 'இடம்' என்ற கட்டத்தில் வடக்குச் சுவர் ஓரம் என்றுதான் போட்டிருக்கிறது. அதைக் காட்டித்தான் வங்கியில் தெருவோர வியாபாரிகளுக்கான ஸ்வநிதி கடன் பத்தாயிரம் வாங்கி அடுப்பு மாற்றினேன். தவணை மட்டும் பொட்டலுக்கும் சரியாக வந்துவிடுகிறது.

என்னிடம் இன்னொரு சான்றிதழும் உண்டு. உங்கள் பல்கலைக்கழகம் தொலைநிலைக் கல்வியில் கொடுத்த பி.ஏ. தமிழ். கடையை மூடிய பிறகு ராத்திரியில் படித்து வாங்கியது. உங்களுக்கு முன் இருந்த பதிவாளரின் கையெழுத்து அதில் இருக்கிறது. ஆகவே நானும் உங்கள் பழைய மாணவிதான். பழைய மாணவர் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை, பரவாயில்லை.

நாங்கள் அசிங்கம் என்றால் அதையாவது வாய்விட்டுச் சொல்லியிருக்கலாம். உங்கள் உதவித்தொகை மாதக்கணக்கில் வராமல் பிள்ளைகள் அல்லாடியபோது பற்று எழுதிச் சோறு போட்டது இந்த அசிங்கம்தான். முரல், ஊளி, காரல் மீன்களுக்கு எங்கள் பக்கத்துப் பெயர் என்னவென்று அந்தப் பிள்ளைகள் எங்களிடம் கேட்டுத்தான் எழுதிப் போனார்கள். இன்னும் 2,340 ரூபாய் பற்று நோட்டில் நிற்கிறது. கேட்க வாசலுக்குப் போனால் காவலர் உள்ளே விடுவதில்லை.

எங்கள் சனத்துக்கு 'நகரு' என்ற சொல் புதிதில்லை. 1986இல் இந்தத் தென்கடலில் தேசியப் பூங்கா என்றார்கள், 21 தீவுகளில் கால் வைக்காதே என்றார்கள். 2001இல் கடல் அட்டையைத் தொடாதே என்றார்கள். ஏப்ரல் 15இல் இருந்து ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு போகக்கூடாது. கடலில் இலங்கை எல்லைக்கு அப்பால் போனால் என்ன ஆகும் என்பது ஊருக்கே தெரியும். சிலதில் நியாயம் உண்டு, மீனுக்கும் குஞ்சு பொரிக்க நாள் வேண்டும். என் வீட்டுக்காரர் விசைப்படகில் கூலிக்குப் போகிறவர். அந்த 61 நாளும் எங்கள் வீட்டில் உலை கொதித்தது கடையை வைத்துத்தான். இந்த வருசம் அந்த 61 நாளும் பொட்டலில் போனது. அதிகாரிகளைத் தண்டிக்க 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திருவேன்' என்று மிரட்டுவார்களாம். அந்தக் காட்டில் பிறந்து கிடக்கிற எங்களை எங்கே மாற்றுவீர்கள்? பொட்டலுக்குத்தான்.

எங்கள் இடத்தில் இப்போது குரோட்டன்ஸ் தொட்டிகள் இருக்கின்றன. தினமும் டேங்கர் வந்து தண்ணீர் ஊற்றிப் போகிறது. நாங்கள் பாத்திரம் கழுவக் குடம் பத்து ரூபாய் என்று வாங்குகிறோம். செடிக்கு வைத்த தண்ணீரைக் குறை சொன்னால் பாவம், சொல்லவில்லை. செடியும் காற்று தாங்காமல்தானே சுவர் ஓரம் கேட்டிருக்கும்.

கொஞ்சம் கூடப் பேசிவிட்டேன். பொறுத்துக்கொள்ளுங்கள் ஐயா. பணிவோடு கேட்கிறேன், வடக்குச் சுவர் ஓரத்தைத் திருப்பித் தாருங்கள். வாசலில் இருந்து இருபதடி தள்ளி நிற்கிறோம். ஒரே நிறத்தில் தார்ப்பாய் வேண்டும் என்றால் போடுகிறோம். குப்பைக்கு ஆளுக்கொரு டிரம் வைக்கிறோம். அடுத்த முறை குழு வந்தால் அந்த மூன்று நாளும் நாங்களே கடையை எடுத்துவிடுகிறோம், நாலாம் நாள் திரும்பி வரலாம் என்று எழுத்தில் கொடுத்தால் போதும். முதலாண்டுப் பிள்ளைகள் விடுதிக்கு வரத் தொடங்கிவிட்டார்கள். ஆடிக்காற்று தொடங்கும் முன் ஒரு பதில் வேண்டும்.

தொட்டிகளை நகர்த்த உங்கள் ஆட்களைச் சிரமப்படுத்த வேண்டாம், நாங்களே தூக்கி வைக்கிறோம். மொத்தம் பதினொன்று. அதில் ஒன்று உடைந்திருக்கிறது. அது எங்கள் வண்டி இடித்து உடைந்ததில்லை, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இப்படிக்கு,
வடக்குச் சுவர் ஓரம், மூன்றாவது கடைக்காரி

நகல்: செயல் அலுவலர், பேரூராட்சி