கருப்பட்டிக்குள் வந்த கடிதத்துக்குப் பதில்

ஹெரிஃபோர்ட்ஷயர், இங்கிலாந்து,
நவம்பர் 12

கிறிஸ்துவுக்குள் அன்பான அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. கருப்பட்டிப் பொட்டலத்துக்குள் நீ மடித்து வைத்திருந்த கடிதம் கிடைத்து ஐந்து வாரம் ஆகிறது. பிசுக்கு ஒட்டி இரண்டு வரி போய்விட்டது. அடகு நிலம், அத்தான் கோபம், உன் பாப்பாவின் ஞானஸ்நானம் என்று நீ எழுதியிருந்த மீதியைப் பலமுறை படித்துவிட்டேன். பதில் போடாததற்குத் திட்டாதே. போனில் சொல்லலாம் என்றால் அப்பா ஸ்பீக்கரில் போடச் சொல்வார். இதைப் படித்துவிட்டு அரிசிப் பானைக்கு அடியில் வைத்துவிடு.

நான் சுகம். இங்கே குளிர் தொடங்கிவிட்டது. நாலரை மணிக்கே விளக்கு போட வேண்டியிருக்கிறது. நான் வேலை பார்க்கிற கேர் ஹோமுக்குள் கதகதப்பாகத்தான் இருக்கும், அறைக்கு வந்த பிறகுதான் அம்மா கொடுத்த குல்லா. பெரியத்தான் கேலி செய்தாரே, அதே குல்லா. தூங்கும்போதும் கழற்றுவதில்லை. ஹீட்டர் இருக்கிறது, எனக்குத்தான் அந்தச் சூடு ஒத்துக்கொள்ளவில்லை.

பக்கத்து வீட்டுத் தாத்தாவைப் பற்றிச் சொன்னேனே, கொட்டும் மழையிலும் "நல்ல நாள்" என்பாரே, அவர் ஒரு பை ஆப்பிள் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். ஆசையாகக் கடித்தேன். கடுக்காயைக் கடித்த மாதிரி நாக்கு இழுத்துக்கொண்டது. சைடர் என்று ஒரு மது செய்வதற்கான ஆப்பிளாம், இந்தப் பக்கம் தோட்டம் தோட்டமாக அதுதான். எறிய மனசில்லை. மிளகாய்ப்பொடி, நல்லெண்ணெய் போட்டு ஊறுகாயாக்கி அவருக்கும் ஒரு பாட்டில் கொடுத்தேன். கண்ணில் தண்ணீர் வழிய வழிய ரொட்டியில் தடவித் தின்றுவிட்டு, மறுநாள் காலிப் பாட்டிலோடு வந்து நிற்கிறார்!

அவர்தான் என்னை ஈர்டிஸ்லி கோயிலுக்குக் கூட்டிப்போனார். கறுப்பு மரச்சட்டமும் வெள்ளைச் சுவருமாக வீடுகள் நிற்கிற சின்ன ஊர், வேல்ஸ் எல்லை கிட்டத்தில்தான். கோயில் மகதலேனா மரியாள் பெயரில். நம் மெஞ்ஞானபுரம் கோபுரத்தைப் பார்த்த கண்ணுக்கு வெளியிலிருந்து பெரிதாக ஒன்றும் தெரியாது. உள்ளே ஒரு ஞானஸ்நானத் தொட்டி இருக்கிறது அக்கா, அதைப் பார்த்துவிட்டு நின்ற இடத்திலேயே நின்றுவிட்டேன்.

ஏறக்குறைய 1150இல் செதுக்கியது. நற்கருணைப் பாத்திரத்தைப் பெரிதாக்கி வைத்த மாதிரி வடிவம். விளிம்பிலும் அடியிலும் நார்ப்பெட்டி முடைந்ததுபோல் கல்லில் பின்னல். நடுவில் ஒரு சிங்கம், செதுக்கியவன் சிங்கத்தைப் பார்த்திருக்கவே மாட்டான். ஒரு பக்கம் இயேசு, கொடிகளுக்குள் சிக்கிக் கிடக்கிற ஒருவனைக் கையைப் பிடித்து வெளியே இழுக்கிறார். விசுவாசப்பிரமாணத்தில் "பாதாளத்தில் இறங்கினார்" என்று வாரம்தோறும் சொல்கிறோமே, அது என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. அவர் பிடித்திருக்கிற பிடியைப் பார்த்தால், இழுபடுகிறவனுக்குக் கை வலித்திருக்கும்.

அந்தக் காலத்தில் பிள்ளையை முழுசாக முக்கி எடுப்பார்கள், அதனால்தான் இத்தனை பெரிய தொட்டி. பாப்பாவை இறக்கினால் பாதித் தண்ணீர் வெளியே போய்விடும். அந்தத் தண்ணீரை மந்திரவேலைக்குத் திருடுகிறார்கள் என்று, 1236இல் கான்டர்பரி பேராயர் எட்மண்ட் தொட்டிகளையெல்லாம் மூடிப் பூட்டிவைக்கச் சொன்னாராம். நம் ஊர் மட்டும்தான் இப்படி என்று நினைத்திருந்தேன்.

நான் எழுத வந்தது இன்னொரு பக்கத்தைப் பற்றி. அங்கே இரண்டு வீரர்கள் சண்டை போடுகிறார்கள். ஒருவன் கையில் வாள், மற்றவன் ஈட்டி அவன் தொடையில் பாய்ந்திருக்கிறது. யார் என்று கல்லில் எழுதவில்லை. மருமகன் ரால்ஃப் டி பாஸ்கர்வில், மாமனார் கிளிஃபோர்டு கோட்டைப் பிரபு என்று ஊர்ப்பேச்சு. நிலத் தகராறாம். மருமகன் மாமனாரைக் கொன்றே போட்டுவிட்டு, அப்புறம் போப்பிடம் மன்னிப்பு வாங்கினானாம். தாத்தா இதைச் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மாமனாரின் மகள் யார் பக்கம் நின்றிருப்பாள் என்றே யோசித்துக்கொண்டு நின்றேன்.

கிணற்றோரத்து முக்கால் ஏக்கர் உனக்கென்று பேசியது. அது அடகுக்குப் போனது என் விசாவுக்காக. அத்தான் கோபப்படுவதில் தப்பு இல்லை, அப்பா வாய்திறக்காமல் இருப்பதும் எனக்காகத்தான். இடையில் நீயும் பாப்பாவும் எட்டு மாதமாக அப்பா வீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். இந்த மாதம் ஷிப்டு கொஞ்சம் குறைவு, அதனால் பணம் பத்து நாள் தள்ளி வரும். வேறொன்றும் இல்லை, ஓய்வு கிடைத்த மாதிரி ஆயிற்று. அப்பாவிடம் பேங்க் லீவு என்று சொல்லிவிடு.

நேற்று ராத்திரி சமையலறையில் கருப்பட்டியைத் தட்டிக் காப்பி போட்டேன். அந்த வாசனைக்கு, பின்வாசலில் நீ பாத்திரம் தேய்க்கிற சத்தமே கேட்டது. குடிக்காமல் ஆறவிட்டுவிட்டேன்.

சரி. அத்தானுக்குத் தனியாக ஒரு கடிதம் இதற்குள் வைத்திருக்கிறேன். நிலத்தை மீட்டு உன் பெயருக்கு எழுதுகிற பொறுப்பு என்னுடையது என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். டெய்லர் சித்தப்பாவிடம் கொடுத்து அனுப்பு, அவர் சொன்னால் அத்தான் கேட்பார். நம் சபை ஐயரிடம் கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு ஞானஸ்நானத்துக்கு நாள் கேள். நான் வருவேன் என்று காத்திருக்க வேண்டாம். மாமன் போட வேண்டிய செயினை அம்மாவின் பழைய செயினாக இப்போதைக்குப் போட்டுவிடுங்கள், யாரும் உரசிப் பார்க்கப் போவதில்லை. அப்பாவும் அத்தானும் தொட்டியின் எந்தப் பக்கம் நின்றாலும் சரி, நின்றால் போதும்.

பெரியம்மாவின் முழங்கால் தைலம் தீர்ந்துவிட்டதா? ஊறுகாய்க்கு வெந்தயம் எவ்வளவு என்று அம்மாவிடம் கேட்டு எழுது, தாத்தா இன்னும் இரண்டு பை கொண்டுவந்து வைத்திருக்கிறார்.

இப்படிக்கு,
உன் தம்பி