கடையைத் தம்பி எடுத்து நடத்தலாமா

திருச்சிராப்பள்ளி

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மூத்த மகளுக்குப் பெண் குழந்தை பிறந்த செய்தி எங்கள் வீட்டில் எல்லோரையும் மகிழ்வித்தது. தாயும் சேயும் நலமாக இருக்கட்டும்.

எல்லோரும் கைப்பேசியிலேயே பொருள் வாங்கத் தொடங்கிவிட்ட காலத்தில் உன் கும்பகோணத்து ஹார்டுவேர்ஸ் கடையை உன் தம்பி எடுத்து நடத்தலாமா என்று கேட்டிருந்தாய். கட்டட வேலை எடுத்துச் செய்பவனாக நான் கண்டதை மறைக்காமல் எழுதுகிறேன்.

குழாய், சுவிட்சு, பூட்டு, கைக்கருவி போன்ற சாமான்களில் பெரும்பகுதி கடைகளின் கையைவிட்டு இணையத்துக்குப் போய்விட்டது. வீட்டுக்காரர் விலையைப் பார்த்துவிட்டுத்தான் என்னிடம் பேசவே வருகிறார். 2025 செப்டம்பர் 22 அன்று சிமெண்டுக்கான ஜி.எஸ்.டி. 28 விழுக்காட்டிலிருந்து 18 ஆகக் குறைந்தபோது, அன்று மாலையே ஒருவர் இணையத்தில் பார்த்த மூட்டை விலையைக் காட்டி, என் மதிப்பீட்டைத் திருத்தச் சொன்னார். அவர் கேட்டது நியாயம் என்பதால் திருத்திக் கொடுத்தேன்.

கம்பியிலும் இணையம் ஒரு நன்மை செய்திருக்கிறது. கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி 162-ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று தெரிந்துவிடும் என்ற கணக்கை பாலிடெக்னிக்கில் நாம் சேர்ந்துதான் படித்தோம். அதன்படி 12 மி.மீ. கம்பி, 12 மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய 10.67 கிலோ இருக்க வேண்டும். எண்ணிக்கைக்கு விற்கும் இடங்களில் எடை குறைந்த கம்பியைத் தலையில் கட்டுவதை நாம் இருவருமே பார்த்திருக்கிறோம். இணையத்தில் நான் வாங்கிய கம்பி எடைமேடைச் சீட்டோடும், கட்டடக் கம்பிக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 1786-க்குரிய ஆலைச் சோதனைச் சான்றிதழோடும் வந்தது. கேட்காமலே இதைக் கொடுக்கும் கடைகள் மிகக் குறைவு என்பது எனக்கு வருத்தம்தான்.

ஆனால் சென்ற ஆடியில் நடந்ததைக் கேள். ஓர் இணையத் தளத்தில் நாற்பது பெட்டி டைல்ஸ் பதிவு செய்தேன். முப்பத்தொரு பெட்டி ஒரு பேட்ச், அதாவது ஒரே தடவையில் தயாரானவை; மீதி ஒன்பது வேறு பேட்ச். கூடத்தில் பாதி பதித்த பிறகு, சன்னல் வெளிச்சம் விழுந்தபோதுதான் நிற வேறுபாடு தெரிந்தது. பெட்டியின் மேல் அச்சிட்டிருந்த, நிறச்சாயலைக் குறிக்கும் ஷேடு எண்ணை இறக்கும்போதே பார்த்திருக்க வேண்டியது என் பொறுப்பு என்றாலும், மாற்றிக் கேட்க ஒரு முகம் இல்லை. செயலியில் புகார் எண் மட்டுமே இருந்தது. புதுப் பெட்டிகள் வந்துசேரப் பதினொரு நாள் ஆயிற்று. அதுவரை வேலையின்றி நின்ற டைல்ஸ்காரருக்கும் உதவியாளுக்கும் கூலியை நான்தான் கொடுத்தேன்.

கான்கிரீட் தளம் போடும் நாளில் காலை ஐந்தரை மணிக்கு, கம்பிகளைச் சேர்த்துக் கட்டும் கட்டுக்கம்பி தீர்ந்துவிட்டால் கதவைத் தட்டிக் கேட்பதற்கு ஒரு கடை வேண்டும். அதைவிடப் பெரியது கடன். வீட்டுக்காரர், கதவு சன்னலுக்கு மேல் வரும் லிண்டல் முடிந்ததும் ஒரு தவணை, தளம் முடிந்ததும் ஒரு தவணை என்று தருகிறார். அதற்கு முன்பே வாங்கவேண்டிய சிமெண்டையும் கம்பியையும் கணக்கில் எழுதிக்கொண்டு கொடுப்பவர் கடைக்காரர்தான். லாபம் தரும் சில்லறைச் சாமான்கள் இணையத்துக்குப் போய், கடனும் கனமான சரக்கும் மட்டும் கடையில் மிஞ்சினால், உன்னைப் போன்றவர்கள் எத்தனை நாள் தாங்க முடியும் என்பதே என் கவலை. கடை மூடினால் என்னைப் போன்ற சிறு ஒப்பந்தக்காரர்களும் தொழிலைவிட்டுப் போகவேண்டியதுதான்.

ஆகவே தம்பி கடையை எடுக்கட்டும். ஆனால் அன்றன்றைய விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பட்டும், கம்பியை எடைக்கே விற்றுச் சீட்டுக் கொடுக்கட்டும். டாட்டா ஸ்டீலின் ஆஷியானா போன்ற இணையத் தளங்களில் பதிவாகும் சரக்குகூட வட்டார விநியோகஸ்தர் வழியாகத்தான் வீட்டுக்கு வருகிறது. அந்த இடத்தைப் பிடிக்க அவன் முயலலாம்.

வரும் மாதம் திருவரங்கத்தில் ஒரு தளம் போடுகிறேன். இரண்டு நாள் முன்னதாகவே தம்பியை அனுப்பி வை. கம்பி லாரி வரும்போது அவன் என்னோடு நின்று எடை பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் பழைய நண்பன்