சுவருக்குப் பணம் இருக்கிறது, கேட்டில் நிற்கும் ஆளுக்கு ஏன் இல்லை?

தமிழ்நாடு அரசின் நிதித் துறை, பள்ளிக்கல்வித் துறை உயர் அலுவலர்களுக்கு,

வணக்கம்.

நான் ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழுவில் பெற்றோர் உறுப்பினர். நேராக விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இருக்கிறது, இரும்புக் கேட் இருக்கிறது, ஊர்க்காரர் ஒருவர் வாங்கிக் கொடுத்த கேமராவும் இருக்கிறது. பகலில் கேட்டில் நிற்க ஆள் மட்டும் இல்லை.

ஏழாம் வகுப்புப் பிள்ளைகள்தான் முறை வைத்துக் கேட்டைத் திறந்து மூடுகிறார்கள். பத்தரை மணிக்கு ஒருவர் பைக்கில் வந்து நிற்பார். "பாப்பாவோட மாமா நான். வீட்டுல விசேஷம், கூட்டிட்டுப் போகணும்" என்பார். கேட்டில் நிற்கும் பிள்ளை வகுப்புக்கு ஓடி டீச்சரிடம் சொல்லும். டீச்சர் பாடத்தைப் பாதியில் விட்டுவிட்டு வந்து, அந்தக் குழந்தையின் அம்மாவுக்கு போன் போடுவார். அம்மா நூறு நாள் வேலையில் இருப்பார், எடுக்க மாட்டார். வந்தவர் முனக ஆரம்பிப்பார். உள்ளே முப்பது பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்கும். கேமரா இதையெல்லாம் ஒழுங்காகப் பதிவு செய்யும். அதன் திரை தலைமை ஆசிரியர் அறையில் இருக்கிறது. அவரோ எட்டாம் வகுப்பில் கணக்கு நடத்திக்கொண்டிருப்பார்.

இது எங்கள் பள்ளியின் கதை மட்டும் அல்ல என்று உங்களுக்கே தெரியும். ஈராசிரியர் பள்ளிகளில் நிலைமை இன்னும் மோசம். ஒருவர் பயிற்சிக்கோ கூட்டத்துக்கோ போய்விட்டால், மற்றவர்தான் ஐந்து வகுப்புக்கும் ஆசிரியர், எழுத்தர், வாட்ச்மேன் எல்லாம்.

பள்ளிப் பாதுகாப்புக்கென்று அரசிடமிருந்து வரும் பணம் எப்போதும் பொருளாகத்தான் வருகிறது. 2009ஆம் ஆண்டின் கட்டாயக் கல்விச் சட்டத்தின் அட்டவணையைப் பாருங்கள். சுற்றுச்சுவர் அல்லது வேலி இருக்க வேண்டும் என்று அதில் இருக்கிறது. சமையலறை, குடிநீர், கழிப்பறை எல்லாம் இருக்கிறது. கேட்டைப் பார்த்துக்கொள்ளும் ஆளைப் பற்றி ஒரு வரி கிடையாது. சட்டமன்ற உறுப்பினரின் தொகுதி மேம்பாட்டு நிதியில் சுவர் எழுப்பலாம், கேட் போடலாம். சம்பளம் கொடுக்க முடியாது, தொடர் செலவுக்கு அதில் இடமில்லை. பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டம் 7,500 கோடி ரூபாய்த் திட்டம். நல்ல திட்டம், நல்ல கட்டடங்கள். ஆனால் அதுவும் கட்டடம்தான்.

மிச்சம் இருப்பது பள்ளி மானியம். 101 முதல் 250 மாணவர் வரை உள்ள பள்ளிக்கு, சமக்ர சிக்ஷா என்ற ஒன்றிய அரசின் பள்ளிக்கல்வித் திட்டக் கணக்கில் ஆண்டுக்கு 50,000 ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் 4,200கூட வராது. சாக்பீஸ், பழுதான மின்விசிறி, உடைந்த குழாய் எல்லாம் அதற்குள்தான். குறைந்தது பத்து சதவீதம் தூய்மைக்கு வேறு ஒதுக்க வேண்டும். சரி, இதில் வாட்ச்மேனுக்கு என்ன மிஞ்சும்? அந்தப் பணமும் டில்லியின் மனநிலையைப் பொறுத்தது. 2024-25இல் தமிழ்நாட்டுக்கு வர வேண்டிய 2,152 கோடியை ஒன்றிய அரசு நிறுத்தி வைத்தது. தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டி வந்த அந்தச் சண்டையில் நான் மாநிலத்தின் பக்கம்தான். அதனால்தான் சொல்கிறேன், இந்தச் சம்பளம் மாநிலத்தின் சொந்தக் கணக்கில் இருக்க வேண்டும்.

பெரிய பள்ளிகள் சிலவற்றுக்கு இரவுக் காவலர் பணியிடம் உண்டு. அந்தப் பணியிடத்தின் வேலை பெஞ்சும் கம்ப்யூட்டரும் திருடு போகாமல் பார்ப்பது. பிள்ளைகள் உள்ளே இருக்கும் நேரத்தில் அவர் வீட்டில் தூங்க வேண்டியவர். பகல் ஆள் வேண்டுமென்றால் பெற்றோர் ஆசிரியர் கழகம் வசூல் செய்து போட்டுக்கொள்ள வேண்டியதுதான். வசதியான ஊர்ப் பள்ளியில் அது நடக்கிறது. கூலி வேலைக்குப் போகும் பெற்றோரிடம் மாதா மாதம் எதைக் கேட்பது?

தஞ்சாவூர் மாவட்டம் மல்லிப்பட்டினம் அரசுப் பள்ளியில் 2024 நவம்பர் 20 அன்று ஓர் இளம் ஆசிரியையை, பள்ளிக்குள் புகுந்த ஒருவர் கத்தியால் குத்திக் கொன்றார். பகல் நேரம், பள்ளி நடந்துகொண்டிருந்தபோது. அன்று அங்கே ஒரு காவலர் நின்றிருந்தால் அது நடந்திருக்காது என்று நான் அடித்துச் சொல்லமாட்டேன். ஆனால் உள்ளே வரும் எவரையும் ‘யார் நீங்க, யாரைப் பார்க்கணும்’ என்று கேட்பதையே வேலையாகக் கொண்ட ஒருவர் நம் பெரும்பாலான பள்ளிகளில் இல்லை என்பதை மட்டும் யாரும் மறுக்க முடியாது.

காவலர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றும் நான் நினைக்கவில்லை. அதே 2024இல் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் போலி என்சிசி முகாம் நடத்தி மாணவிகளிடம் அத்துமீறியவர்கள் கேட் ஏறிக் குதித்து வரவில்லை. தனியார் பள்ளி ஒன்று அவர்களை உள்ளே விட்டிருந்தது. பிள்ளைக்குத் தொல்லை கொடுப்பவர் பல நேரம் பள்ளிக்குள்ளேயே சம்பளம் வாங்குபவராகவும் இருக்கிறார். அதை வாட்ச்மேனால் தடுக்க முடியாது. அதற்கு இன்னொரு ஆள் வேண்டும். நாங்குநேரியில் சாதிவெறியில் பள்ளி மாணவர் ஒருவர் வெட்டப்பட்ட சம்பவத்துக்குப் பிறகு அரசே அமைத்த நீதிபதி சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. 500 மாணவருக்கு மேல் உள்ள மேல்நிலைப் பள்ளிகளுக்குப் பள்ளி நல அலுவலர் வேண்டும் என்று அதில் பரிந்துரை இருக்கிறது. சுவரில் 1098, 14417 என்று உதவி எண் எழுதி வைத்திருக்கிறோம், நல்லது. அந்த எண்ணை அழைக்கும் அளவுக்குத் துணிச்சல் வருவதற்கு முன்னால், பிள்ளை பேசுவதற்கு முகம் தெரிந்த ஒருவர் பள்ளியில் வேண்டாமா?

நிதித் துறை என்ன சொல்லும் என்று தெரியும். சம்பளம் என்றால் தொடர் செலவு, பின்னால் ஓய்வூதியம், வழக்கு. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். அரசுப் பள்ளிகள் ஏறக்குறைய 37,500 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு பகல் காவலர், மாதம் 15,000 ரூபாய். ஆண்டுக்கு 675 கோடி. 2025-26 வரவு செலவுத் திட்டத்தில் பள்ளிக்கல்விக்கு ஒதுக்கியது 46,767 கோடி. அதில் நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்கூட ஆகவில்லை. ஒரே ஆண்டில் முடியாதென்றால் நெடுஞ்சாலை ஓரப் பள்ளிகள், பெண்கள் பள்ளிகள், ஈராசிரியர் பள்ளிகள் என்று வரிசை போடுங்கள். பத்துப் பிள்ளைகள் படிக்கும் பள்ளிக்கு முதல் ஆண்டிலேயே வேண்டும் என்று நான் சண்டை போட மாட்டேன்.

பள்ளிதோறும் ஆள் போடுவது இந்த மாநிலத்துக்குப் புதிதும் அல்ல. 1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டம் தொடங்கியபோது அமைப்பாளர், சமையலர், உதவியாளர் என்று மையத்துக்கு மூன்று பேரை அரசுச் செலவில் போட்டார்கள். கஜானா தாங்காது என்று அன்றும்தான் சொன்னார்கள். ஆனால் அந்த அம்மாக்கள் இத்தனை ஆண்டுகளாகக் காலமுறை ஊதியம் கேட்டுத் தெருவில் உட்கார்வதையும் சேர்த்துத்தான் பாடம் படிக்க வேண்டும். 2012இல் பகுதிநேர ஆசிரியர்களை மாதம் 5,000 ரூபாய்த் தொகுப்பூதியத்தில் எடுத்தார்கள், அவர்கள் போராட்டமும் ஓய்ந்தபாடில்லை. எனவே காவலர் பணியைத் தனியார் ஏஜென்சிக்குக் கொடுத்து, அவர்கள் கமிஷன் எடுத்ததுபோக எட்டாயிரத்துக்கு எழுபது வயதுத் தாத்தா ஒருவரை நாற்காலியில் உட்கார வைக்கும் ஏற்பாடு வேண்டாம். அப்படிச் செய்வதைவிட ஏழாம் வகுப்புப் பிள்ளையே சுறுசுறுப்பாகக் கேட்டைத் திறக்கும்.

எங்களுக்கு வேண்டியது இதுதான். உள்ளூரில் இருந்து, பெண்களுக்கு முன்னுரிமை கொடுத்து, காவல் துறைச் சரிபார்ப்புக்குப் பிறகு எடுக்கப்பட்ட ஒருவர். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம், முதலுதவி, தீயணைப்பு மூன்றிலும் பயிற்சி. யார் வந்தார், யாரை அழைத்துப் போனார் என்று எழுதும் ஒரு நோட்டு. பள்ளி விடும் நேரத்தில் சாலையில் லாரியை நிறுத்திப் பிள்ளைகளைப் பத்திரமாகச் சாலையைக் கடக்க வைக்கும் பொறுப்பும் அவருடையது.

2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் 94 குழந்தைகள் எரிந்துபோன பிறகு கீற்றுக் கூரைகளை அகற்றினோம். அந்தத் தீயை ஒட்டி எழுந்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009இல், பாதுகாப்பான பள்ளியும் கல்வி உரிமையில் அடங்கும் என்று தீர்ப்பளித்தது. 2021 டிசம்பரில் திருநெல்வேலியில் பள்ளிக் கழிப்பறைச் சுவர் விழுந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். உடனே மாநிலம் முழுக்கப் பழைய கட்டடங்களைச் சோதித்து இடித்தோம். ஒவ்வொரு முறையும் சாவு வந்த பிறகு, அதுவும் கூரையையும் சுவரையும் மட்டும்தான் சரி செய்கிறோம்.

சட்டமன்றத்தில் துறை வைக்கும் அடுத்த மானியக் கோரிக்கையில் ‘பள்ளிப் பாதுகாப்புப் பணியாளர் ஊதியம்’ என்று தனியாக ஒரு கணக்குத் தலைப்பு தொடங்குங்கள். முதல் ஆண்டு எவ்வளவு சிறிய தொகையானாலும் பரவாயில்லை. சந்துரு குழுவின் நல அலுவலர் பரிந்துரைக்கு என்ன செய்யப் போகிறீர்கள் என்பதையும் அதனுடன் வரும் கொள்கை விளக்கக் குறிப்பில் எழுதுங்கள். முடியாது என்பதுதான் முடிவானால் அதையும் எழுத்தில் கொடுங்கள். அடுத்த மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோரிடம் அதை அப்படியே வாசித்துக் காட்டிவிடுகிறோம்.

இப்படிக்கு,
ஓர் அரசு நடுநிலைப் பள்ளியின் மேலாண்மைக் குழு பெற்றோர் உறுப்பினர்