ஏம்ஸிலிருந்து அப்பாவுக்கு: மொரிலின் நிலச் சட்டம்

ஏம்ஸ், அயோவா
அக்டோபர் 12

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே நலம். உங்கள் நலமும் அம்மா நலமும் அறிய ஆவல். மக்காச்சோள அறுவடை பாதி முடிந்துவிட்டது. காலையில் புல்லின் மேல் உறைபனி வெள்ளையாகப் படிந்து கிடக்கிறது. ஊர் எல்லையைத் தாண்டினால் நாலாபக்கமும் காய்ந்த சோளத்தட்டைதான். இரவிலும் விளக்குப் போட்டுக்கொண்டு அறுவடை இயந்திரங்கள் ஓடுகின்றன.

போன வாரம் பேசும்போது, "காலேஜுக்கு எதுக்குப்பா மாட்டுக்கொட்டகையும் பன்றிப் பண்ணையும் அத்தனை வயலும்? யார் கொடுத்தது?" என்று கேட்டீர்கள். போனில் இரண்டு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. இங்கே அயோவா ஸ்டேட் பல்கலைக்கழக வளாகத்தில் 1891இல் எழுப்பிய செங்கல் கட்டடம் ஒன்று இருக்கிறது. பெயர் மொரில் ஹால். ஜஸ்டின் மொரில் என்ற அரசியல்வாதியின் பெயர் அது. அவர் அயோவாக்காரர் அல்ல; இங்கிருந்து வெகுதூரம் கிழக்கே வெர்மான்ட்டில், ஸ்ட்ராஃபோர்டு என்ற மலைக் கிராமத்தில் 1810இல் பிறந்தவர். ஆனால் இந்தப் பல்கலைக்கழகம் நிற்பதற்கு வழிசெய்த சட்டம் அவர் கொண்டுவந்தது.

மொரிலின் அப்பா கொல்லர். பத்துப் பிள்ளைகளில் இவர் மூத்தவர். எல்லாரையும் கல்லூரிக்கு அனுப்ப வசதியில்லை, அதனால் ஒருவரையும் அனுப்பவில்லை. பதினைந்து வயதுக்குள் பள்ளிப் படிப்பு முடிந்து, கடையில் கணக்கெழுதப் போய்விட்டார். பிறகு உள்ளூர்ப் பெரியவர் ஒருவரோடு கூட்டுச் சேர்ந்து கடை நடத்தி, 38 வயதிலேயே போதும் என்று வியாபாரத்தை விட்டார். சொந்த ஊரில் இளஞ்சிவப்பில் ஒரு வீடு கட்டிக்கொண்டார். அது இன்றும் இருக்கிறது. 1854இல் காங்கிரஸ், அதாவது அமெரிக்க நாடாளுமன்றத் தேர்தலில் நின்று 59 ஓட்டு வித்தியாசத்தில் ஜெயித்தார். அதற்குப் பிறகு தோற்கவே இல்லை. கீழவையில் 12 ஆண்டு, மேலவையான செனட்டில் 31 ஆண்டுக்கு மேல். 1898 டிசம்பர் 28இல் சாகும்போதும் செனட்டர்தான்.

அவரைப் பெரிய பேச்சாளர் என்று யாரும் சொல்வதில்லை. கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பழகிய மனிதர். அவருடைய சட்டத்தை வரிவரியாகப் படித்தால் அந்தக் கடைக்காரரின் கை தெரிகிறது. எனக்கு அவர் மேல் மரியாதை வந்தது அந்த இடத்தில்தான்.

அன்று அமெரிக்காவில் கல்லூரி என்றால் லத்தீன், கிரேக்கம், சட்டம், மதபோதகம். உழுகிறவன் பிள்ளைக்கும் பட்டறைக்காரன் பிள்ளைக்கும் அங்கே ஒன்றும் கிடையாது. கிழக்கு மாநிலங்களில் மண் செத்துக்கொண்டிருந்தது. ஒரே நிலத்தில் ஒரே பயிரை வைத்து விளைச்சல் விழுந்ததும் குடும்பங்கள் மேற்கே கிளம்பின. வேளாண்மையைச் சொல்லிக்கொடுக்க மாநிலத்துக்கு ஒரு கல்லூரி வேண்டும் என்பது மொரிலுக்கு முன்பே பலர் பேசிய யோசனைதான். இல்லினாயில் ஜோனதன் டர்னர் ஊர் ஊராகப் பேசினார். அந்த மாநிலச் சட்டமன்றம் 1853இலேயே மத்திய அரசிடம் நிலம் கேட்டுத் தீர்மானம் போட்டது. அதைச் சட்டமாக்கி ஓட்டு சேர்த்து நிறைவேற்றியது மொரில்.

1857 டிசம்பரில் முதல் மசோதா. கீழவையில் 105க்கு 100, செனட்டில் 25க்கு 22 என்று மயிரிழையில் தப்பித்தது. ஆனால் 1859இல் ஜனாதிபதி புக்கானன் கையெழுத்துப் போட மறுத்துத் திருப்பி அனுப்பிவிட்டார். கஜானா காலி, இது மாநிலங்களின் வேலை, அரசியல் சட்டம் இடம் தரவில்லை, நிலத்தையெல்லாம் ஊக வியாபாரிகள் மடக்கிவிடுவார்கள் — இவை அவர் சொன்ன காரணங்களில் சில. கடைசிக் காரணத்தைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். மொரில் விடவில்லை. உள்நாட்டுப் போர் வந்து தெற்கத்திய உறுப்பினர்கள் காங்கிரஸை விட்டுப் போன பிறகு, 1861 டிசம்பரில் மறுபடி கொண்டுவந்தார். செனட்டில் ஒஹையோவின் பெஞ்சமின் வேட் தூக்கிச் சுமந்தார். போர்க்காலம் என்பதால் ராணுவப் பயிற்சியும் பாடத்தில் சேர்ந்தது. 1862 ஜூலை 2இல் லிங்கன் கையெழுத்திட்டார்.

இப்போது சட்டத்தின் உள்கட்டு. நீங்கள் குத்தகையும் வட்டியும் பார்த்த ஆள், உடனே பிடிபடும்.

ஒரு மாநிலத்துக்குக் காங்கிரஸில் எத்தனை உறுப்பினரோ, அவையிரண்டையும் சேர்த்து எண்ணி, தலைக்கு 30,000 ஏக்கர் மத்திய அரசு நிலம். அயோவாவுக்கு ஆறு பிரதிநிதி, இரண்டு செனட்டர். ஆக 2,40,000 ஏக்கர். ரயில் பாதைக்கு அருகில் இரட்டை விலை நிர்ணயித்த நிலத்தை எடுத்தால் ஒரு ஏக்கரை இரண்டாகக் கழிப்பார்கள், அதனால் கையில் வந்தது ஏறக்குறைய 2,04,000. இந்த நிலம் கல்லூரி கட்ட அல்ல என்பதைக் கவனியுங்கள். விற்க வேண்டும். விற்ற பணத்தை வருஷத்துக்குக் குறைந்தது 5 சதவீதம் தரும் பத்திரங்களில் போட வேண்டும். முதல் தொகையில் கை வைக்கக்கூடாது. வட்டியை மட்டும் பாடம் நடத்தச் செலவழிக்கலாம். முதல் கரைந்தால் மாநில அரசு தன் பையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். பத்தில் ஒரு பங்கு வரை, கல்லூரி இடத்துக்கோ சோதனைப் பண்ணைக்கோ நிலம் வாங்க எடுக்கலாம். கட்டடம் கட்டவோ பழுது பார்க்கவோ ஒரு காசும் எடுக்கக்கூடாது. ஐந்து வருஷத்துக்குள் ஒரு கல்லூரியாவது நடக்க வேண்டும்.

நம் கோயில் கல்வெட்டில் வருமே, சாவா மூவாப் பேராடு? தொண்ணூறோ தொண்ணூற்றாறோ ஆடு விட்டால், எண்ணிக்கை குறையாமல் பார்த்துக்கொண்டு, நெய்யை மட்டும் எடுத்து நந்தா விளக்கு எரிப்பது. அந்தக் கணக்கேதான். கட்டடத்துக்குப் பணம் தரமாட்டேன் என்றது கஞ்சத்தனம் போலப் படும். ஆனால் தூணும் மாடமும் கட்டியே மொத்தப் பணத்தையும் முடித்துவிட்டு வாத்தியாருக்குச் சம்பளம் கொடுக்க முடியாமல் போவதை அந்த ஒரு வரி தடுத்தது. அந்த வரியால் கஷ்டமும் வந்தது: வட்டி கைக்கு வந்தும் கூரை இல்லாமல் பல மாநிலங்கள் தவித்தன. 1866இல் காலக்கெடுவை நீட்டித்தார்கள்.

பெரிய கோளாறு வேறு இடத்தில். அயோவா, கான்சாஸ், மிச்சிகன் போன்ற மேற்கு மாநிலங்களுக்குள்ளேயே அரசு நிலம் இருந்தது. நியூயார்க், பென்சில்வேனியா, வெர்மான்ட் போன்ற பழைய மாநிலங்களில் இல்லை. அவற்றுக்கு நிலத்துக்குப் பதிலாகச் சீட்டு கொடுத்தார்கள். ஒரு சீட்டு 160 ஏக்கர். ஒரு மாநிலம் இன்னொரு மாநிலத்துக்குள் நிலச் சொந்தக்காரனாக இருக்கக்கூடாது என்று சட்டமே தடுத்ததால், சீட்டை விற்றே ஆக வேண்டும். வாங்கியவன் போய் நிலத்தைத் தேர்ந்து எழுதிக்கொள்வான். அரசின் விலை ஏக்கருக்கு ஒன்றேகால் டாலர். பல மாநிலங்கள் ஒரே சமயத்தில் சந்தைக்குச் சீட்டைக் கொண்டுவந்தன. அதே 1862இன் ஹோம்ஸ்டெட் சட்டப்படி ஐந்து வருஷம் குடியிருந்து உழுதால் 160 ஏக்கர் ஏறக்குறைய இலவசம். பிறகு சீட்டை யார் முழு விலைக்கு வாங்குவார்கள்? விலை பாதிக்குக் கீழே போனது. பென்சில்வேனியா 7,80,000 ஏக்கர்ச் சீட்டை ஏக்கர் ஏறக்குறைய 55 சென்ட்டுக்கு விற்றது. ரோட் ஐலண்டுக்கு 1,20,000 ஏக்கருக்கு 50,000 டாலர்தான் கிடைத்தது. புக்கானன் சொன்னபடியே ஊக வியாபாரிகள் அள்ளிக்கொண்டார்கள். அவரை எனக்குப் பிடிக்காது, ஆனால் இதில் அவர் சொன்னது நடந்தது.

தப்பித்தது நியூயார்க்கின் சீட்டுகளில் பெரும்பகுதி. 9,90,000 ஏக்கர் அவர்கள் பங்கு. விலை விழுந்ததும், தந்தி வியாபாரத்தில் பணம் சேர்த்த எஸ்ரா கார்னெல் தாமே சீட்டுகளை வாங்கி, விஸ்கான்சினில் ஐந்து லட்சம் ஏக்கர் அளவுக்குப் பைன் காட்டைத் தேர்ந்து, வரி கட்டிக்கொண்டு காத்திருந்தார். 1874இல் அவர் இறந்த பிறகே மரத்துக்கு விலை ஏறியது. கடைசியில் செலவு போக 50 லட்சம் டாலர் அளவில் அவர் பெயரிலுள்ள பல்கலைக்கழகத்துக்கு வந்தது. அயோவாவும் அவசரப்படவில்லை. முன்னமே ஆள் அனுப்பி நல்ல நிலமாகப் பொறுக்கி, பிறகு வாங்கிக்கொள்ளும் உரிமையோடு குத்தகைக்கு விட்டது. சீட்டு மாநிலங்களுக்குக் கிடைத்ததைவிட ஏக்கருக்கு நல்ல விலை வந்தது.

இந்தக் கல்லூரியை அயோவா 1858இலேயே காகிதத்தில் தொடங்கிவிட்டது. அடுத்த வருஷம் 648 ஏக்கர் பண்ணையும் வாங்கியாகிவிட்டது, நடத்தத்தான் பணம் இல்லை. 1862 செப்டம்பர் 11இல் மொரில் சட்டத்தை ஏற்ற முதல் மாநிலம் இதுவே. 1869இல் வகுப்பு தொடங்கியது, தொடக்கம் முதலே பெண்களும் சேர்ந்து படித்தார்கள். 1872இல் வெளிவந்த முதல் அணியில் 24 ஆண், 2 பெண்.

இப்போது மனசை உறுத்துகிற விஷயத்துக்கு வருகிறேன். அரசு நிலம், அரசு நிலம் என்று எழுதிக்கொண்டே வந்தேனே, அரசுக்கு அது எங்கிருந்து வந்தது? விஸ்கான்சின் பைன் காடு ஒஜிப்வே மக்கள் 1837 ஒப்பந்தத்தில் விட்டுக்கொடுத்தது. அயோவாவின் வடமேற்குப் பகுதி, டகோட்டா மக்களிடமிருந்து 1851இல் எடுத்தது. இந்தச் சட்டத்தின் வழியாகக் கைமாறிய நிலம் 1 கோடியே 7 லட்சம் ஏக்கர் அளவு. ஏறக்குறைய 250 பழங்குடி இனங்களின் பூமி. சிலருக்கு அற்ப விலை, சிலருக்கு அதுவும் இல்லை. இங்கிருந்து கிழக்கே டாமா கவுண்ட்டியில் மெஸ்க்வாகி மக்கள் இருக்கிறார்கள். விரட்டப்பட்டவர்கள், 1857இல் காசு சேர்த்து 80 ஏக்கரை விலை கொடுத்து வாங்கித் திரும்பினார்கள். மொரிலின் கணக்குப் புத்தகத்தில் எல்லா வரியும் நேராக இருக்கிறது. இந்த வரி மட்டும் இல்லை.

கறுப்பின மக்கள் விஷயத்தில் அவர் திரும்பி வந்தார். எண்பது வயதில், 1890இல், இரண்டாவது சட்டம். இம்முறை நிலமல்ல, ரொக்கம். மாநிலத்துக்கு முதல் வருஷம் 15,000 டாலர். ஆண்டுக்கு 1,000 ஏறி 25,000 வரை. நிறம் பார்த்து மாணவரைத் தள்ளும் கல்லூரிக்குப் பணம் இல்லை. ஆனால் கறுப்பினத்தவருக்குத் தனிக் கல்லூரி வைத்து 'நியாயமாக'ப் பங்கு பிரித்தால் போதும் என்று ஒரு வாசலும் திறந்து வைத்தார்கள். சமமாக என்று எழுதவில்லை. தெற்கு மாநிலங்கள் அந்த வாசல் வழியாகவே போயின, பங்கும் பல காலம் குறைவாகவே போயிற்று. ஆனாலும் அந்தச் சட்டத்தால் எழுந்த, நிமிர்ந்த கறுப்பினக் கல்லூரிகள் இன்றும் நடக்கின்றன. ஏம்ஸ் கதவு திறந்தே இருந்தது: அடிமையாகப் பிறந்த ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர் 1891இல் இங்கே சேர்ந்து, 1894இல் பட்டமும் 1896இல் முதுகலையும் வாங்கினார்.

மொரிலின் மற்ற வேலைகளை நீட்டவில்லை. 1861இன் இறக்குமதி வரிச் சட்டம் அவர் பெயரில் இருக்கிறது. வாஷிங்டனில் 1897இல் திறந்த காங்கிரஸ் நூலகக் கட்டடத்துக்குப் பல வருஷம் வாதாடினார். எனக்கு அவற்றைவிட, கல்லூரி வந்த பிறகும் குடியானவனுக்குப் பலன் வரத் தாமதமானதுதான் முக்கியம். சொல்லிக்கொடுக்கச் சோதித்துப் பார்த்த அறிவே அன்று இல்லை. பாடப் புத்தகமும் இல்லை. அதற்கு 1887இல் ஹாட்ச் சட்டம் ஆராய்ச்சி நிலையம் தந்தது. ஆராய்ச்சியை வயலுக்குக் கொண்டுபோக 1914இல் ஸ்மித்-லீவர் சட்டம் வந்தது. நீங்கள் கேட்ட மாட்டுக்கொட்டகையும் வயலும் மொரில் சட்டமும் இந்த இரண்டும் சேர்ந்த வேலை. இப்போது அயோவாவின் 99 கவுண்ட்டிகளுக்கும் விரிவாக்கப் பணி போகிறது. நம் நாட்டிலும் 1960இல் தொடங்கிய பந்த்நகர் பல்கலைக்கழகம் இல்லினாய் உதவியோடு இந்த அச்சில் வார்த்ததே.

மண் பரிசோதனைக்குக் கொடுக்கப்போவதாகச் சொன்னீர்கள். இங்கே விரிவாக்கக்காரர்கள் சொல்வதும் நம் ஊரில் சொல்வதும் அடிப்படையில் ஒன்றுதான். ஒரே மாதிரியான வயலில் குறுக்கும் நெடுக்குமாக நடந்து 10, 12 இடத்தில் எடுங்கள். மேல் சருகை ஒதுக்கிவிட்டு V வடிவில் வெட்டி, 15 சென்டிமீட்டர் ஆழம் வரை பக்கத்து மண்ணைச் சீராகச் சீவுங்கள். வரப்போரம், எருக்குழி, மரநிழல், உரம் கொட்டிய இடம் வேண்டாம். எல்லாவற்றையும் பிளாஸ்டிக் வாளியில் கலந்து, பரப்பி, நாலாகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளி, அரைக் கிலோ மிஞ்சும்வரை செய்யுங்கள். நிழலில் உலர்த்திக் கொடுங்கள். கொல்லையில் கிடக்கும் தகர வாளியில் கலக்க வேண்டாம். அதன் துத்தநாகப் பூச்சு மண்ணில் ஏறி, துத்தநாகச் சத்துக் குறைவு இருந்தாலும் இல்லை என்று காட்டிவிடும்.

முடிவு வந்ததும் அட்டையைப் படம் எடுத்து அனுப்புங்கள். அம்மாவுக்கு என் அன்பு.

இப்படிக்கு,
உங்கள் மகன்