முயலைத் தூக்கினால் போதுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

பிள்ளைகள் விலங்குகளைத் தொட்டுப் பார்த்து இயற்கையைப் படிக்கும் கோடை முகாம்கள் பற்றி, கட்டணத்தோடு நீங்கள் எழுதியதைப் படித்தேன். இந்த விடுமுறையில் என் பேத்தியும் இங்கே மும்பையில், செம்பூர் பக்கம் அப்படி ஒரு முகாமுக்குப் போய்வந்தாள். ஒரு முயல், கூண்டில் லவ் பேர்ட்ஸ், ஒரு பச்சைக்கிளி. முயல் கை மாறிக் கை மாறிப் போனது, ஆளுக்கொரு போட்டோ. அதோடு பாடம் முடிந்தது. அந்தக் கூச்சலில் முயல் எவ்வளவு மிரளும் என்று சொல்லித்தர ஆளில்லை. நம் ஊர்ப் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பதே 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அதை நடுவில் வைத்து இயற்கைப் பாடமாம்!

தொட்டுப் பார்த்துப் படிக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. அதற்கு முயலை வாடகைக்குப் பிடிக்க வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. மும்பையில் நம்மவர் வீட்டு ஜன்னல் கிரில்லில் பெரும்பாலும் ஒரு கறிவேப்பிலைத் தொட்டி இருக்கும். அதைத் தேடிவந்து முட்டையிடும் கறுப்பு வண்ணத்துப்பூச்சிக்குப் பெயரே கறிவேப்பிலை அழகி. முட்டை ஒரு மில்லிமீட்டர்தான் இருக்கும். வெளிவரும் புழு முதலில் பறவை எச்சம் மாதிரி கிடக்கும். தின்ன வரும் பறவை ஏமாந்து போகும். வளர்ந்ததும் இலைப் பச்சைக்கு மாறிவிடும். லேசாகத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து சிவப்பாக ஒரு கவட்டையை நீட்டும், கூடவே ஒரு நெடி. பிள்ளைகள் 'ச்சீ' என்று கத்திவிட்டு மறுபடியும் தொடப் போவார்கள். (ஒரு தடவை போதும் என்று சொல்லிவையுங்கள்.) அப்புறம் இடுப்பில் பட்டு நூலைச் சுற்றிக் காம்போடு கட்டிக்கொண்டு கூட்டுப்புழுவாகிவிடும். முட்டையிலிருந்து இறக்கை வரை ஏறக்குறைய ஒரு மாதம். கடைக் கறிவேப்பிலையை மட்டும் புழுவுக்குப் போடாதீர்கள், மருந்து அடித்திருந்தால் செத்துப்போகும். சாம்பாருக்கு இலை குறையும், சரி, பொறுத்துக்கொள்ளலாம்.

மே வெயிலில் வண்ணத்துப்பூச்சிகள் குறைவு. ஜூனில் மழை விழுந்த பிறகுதான் நிறைய வரும், அதற்குள் பள்ளிக்கூடம் திறந்துவிடும். அதுவரை மாமரத்து முசுறு எறும்பு இருக்கவே இருக்கிறது. வரிசையாக நின்று இலைகளை இழுத்துப் பிடித்து, தன் புழுக்கள் விடும் நூலாலேயே ஒட்டிக் கூடு கட்டுவதை எட்டி நின்று பார்க்கலாம். கிட்டே போனால் கடி நிச்சயம்.

வெளியே கூட்டிப்போக நினைப்பவர்களுக்குத் தாராவியை ஒட்டியே மகாராஷ்டிர இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பை மேடாகக் கிடந்த 37 ஏக்கரில் மரம் வளர்த்து 1994இல் திறந்தார்கள். தாராவியில் எங்கள் சொந்தக்காரர்கள் பலர் இருந்தும் அதற்குள் போய்வந்த பிள்ளைகள் குறைவு. கோரேகாவில் ஃபிலிம் சிட்டி பக்கம், 1883இல் தொடங்கிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் கல்வி மையமும் உண்டு.

அடுத்த ஆண்டு முகாம்களைப் பற்றி எழுதும்போது கட்டணத்தோடு இன்னொன்றையும் கேட்டுப் போடுங்கள்: விலங்குகளை எங்கிருந்து கொண்டுவருகிறார்கள், முகாம் முடிந்ததும் அவை எங்கே போகின்றன?

ஒரு வாசகி,
செம்பூர், மும்பை