சிவாவுக்கு, நிலக்கரி பற்றி

அன்புள்ள சிவா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் சேர்த்து இதுதான் பதில், திட்டாதே. இங்கே எல்லோரும் சுகம். அக்காவிடம் நீ சொல்லச் சொன்னதைச் சொல்லிவிட்டேன், சிரித்தாள்.

"வியாபாரம் பெருகினால் சண்டை வராது" என்று கட்டுரையில் ஒரே வரியில் முடித்துவிட்டாயே, அதுதான் உறுத்துகிறது. 1914-இல் பிரிட்டனும் ஜெர்மனியும் ஒன்றுக்கொன்று பெரிய வாடிக்கையாளர்கள். போர் நின்றதா?

நீ காட்டும் ஐரோப்பாவையே பார். 1950 மே 9 அன்று பிரான்ஸின் வெளியுறவு அமைச்சர் ஷூமன் அறிவித்த திட்டம், பிரான்ஸ், ஜெர்மனி இரண்டின் நிலக்கரியையும் எஃகையும் ஒரே பொது ஆணையத்தின் கீழ் வைப்பது. பீரங்கிக்கு வேண்டியவை அவைதானே! 1951-இல் ஆறு நாடுகள் கையெழுத்திட்டன.

கையெழுத்தோடு வேலை முடியவில்லை. ரயிலில் தூரம் கூடக் கூட கிலோமீட்டர் கட்டணம் குறையும். ஆனால் ஜெர்மனியின் ரூர் பகுதிக் கரி பிரான்ஸின் லொரேன் ஆலைக்குப் போகும்போது, எல்லையில் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். சரக்கை யாரும் தொடாவிட்டாலும் நிலையக் கூலி இன்னொரு முறை ஏறும். வரி ஒழிந்தும் கரி விலை இறங்காததற்கு இதுவும் காரணம். 1955 முதல்தான் படிப்படியாக முழு வழியையும் ஒரே பயணமாகக் கணக்கிட்டார்கள். பெல்ஜியத்தில் கரி வெட்டும் செலவு அதிகம், சந்தையைத் திறந்தால் சுரங்கம் மூடும். அதனால் ஜெர்மன், டச்சுக் கரிமேல் சிறு தீர்வை போட்டு, அந்தப் பணத்தை ஐந்தாண்டு பெல்ஜியச் சுரங்கங்களுக்குக் கொடுத்தார்கள். இதையெல்லாம் நீ தொடவேயில்லை!

ஆணையம் தோற்றதும் உண்டு. 1959-இல் கரி விற்காமல் குவிந்தபோது நெருக்கடி அறிவிக்க அனுமதி கேட்டது, உறுப்பு நாடுகளின் அமைச்சர்கள் மறுத்தார்கள். தகராறு கூட்ட அறையோடு நின்றது; எனக்கு அதுவே பெரிது.

இப்போது நார்ட் ஸ்ட்ரீம், ரஷ்யாவிலிருந்து கடலடியில் ஜெர்மனிக்கு வந்த எரிவாயுக் குழாய். 2021-இல் ஐரோப்பிய ஒன்றியம் இறக்குமதி செய்த எரிவாயுவில் சுமார் 40% ரஷ்யாவுடையது. இரு தரப்புக்கும் லாபம்தான், ஆனால் வால்வு ஒருவர் கையில். 2022 பிப்ரவரியில் உக்ரைன்மேல் படை போனது. ஜூனில் டர்பைன் கோளாறு என்று குழாயின் ஓட்டத்தை 40 சதவீதத்துக்குக் குறைத்தார்கள், ஜூலையில் 20, ஆகஸ்ட் கடைசியில் நின்றேபோனது. கோளாறு மெய்யா என்று போய்ப் பார்க்க இரு தரப்பும் ஏற்ற பொது ஆள் இல்லை.

பயமாக இருக்கிறது சிவா, உன் வரியை நம்பி இன்னும் எத்தனை குழாய் போடுவார்களோ. அச்சுக்குப் போகுமுன் மூன்று கேள்வி சேர்: கணக்குப் புத்தகத்தை யார் திறக்கலாம், நஷ்டப்படுகிறவருக்கு யார் கொடுப்பது, வால்வு யாரிடம்? திருத்திய பிரதியை அனுப்பு, வாத்தியாரிடமும் காட்டுகிறேன்.

அன்புடன்,
முருகு