பேத்தியின் சிவப்புச் சட்டை

திருப்பூர்
கார்த்திகை 4

அன்புள்ள சுந்தரத்துக்கு,

உன் கடிதம் சென்ற வாரம் கிடைத்தது. வலக்கண்ணில் புரை நீக்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்ததால் முதலில் மருமகளை வாசிக்கச் சொல்லிக் கேட்டேன். இரண்டு நாள் கழித்து நானே எடுத்து ஒருமுறை மெல்லப் படித்தேன். பேத்திக்கு ஏழு மாதம் நிறைந்து தவழத் தொடங்கிவிட்டாள் என்ற செய்தி மனத்துக்கு மிகவும் நிறைவாக இருந்தது. தீபாவளிக்கு எடுத்த சிவப்புச் சட்டையின் கழுத்துப் பட்டியை அவள் சப்பிக்கொண்டே இருந்ததில் வாயோரமெல்லாம் வெற்றிலை போட்டதுபோல் சிவந்துவிட்டதென்றும், தங்கை மரகதம் பயந்துபோய் அன்றிரவு தூங்கவே இல்லையென்றும் எழுதியிருக்கிறாய். முப்பத்தொரு ஆண்டுகள் சாயப்பட்டறை ஆய்வகத்தில் இருந்தவன் என்பதால் இது ஆபத்தா இல்லையா என்று என்னை ஒரே சொல்லில் சொல்லச் சொல்கிறாய். ஒரே சொல்லில் அடங்குகிற விஷயமாக இருந்தால் அன்றைக்கே தொலைபேசியில் சொல்லியிருப்பேன். இப்போதைக்கு அந்தச் சட்டையைக் குழந்தைக்குப் போட வேண்டாம். மற்றதை ஆற அமர எழுதுகிறேன்.

பருத்திப் பனியன் துணிக்கு நாங்கள் பெரும்பாலும் போடுவது ரியாக்டிவ் சாயம். உப்பும் சோடா ஆஷ் என்ற காரமும் சேர்ந்த வெந்நீரில் அது நூலிழையோடு வேதிப் பிணைப்பாகவே சேர்ந்துகொள்ளும். ஆனால் சட்டியில் போட்ட சாயம் முழுவதும் அப்படிச் சேர்வதில்லை. நூறு பங்கில் அறுபதிலிருந்து எண்பது பங்கு பிடித்தால் நல்லது. மீதிச் சாயம் தண்ணீரோடு வினைபுரிந்து, நூலைப் பிடிக்கும் ஆற்றலை இழந்து, துணிக்குள் சும்மா ஒட்டிக்கொண்டிருக்கும். சிவப்பு, கறுப்பு, கருநீலம் போன்ற அடர்ந்த நிறங்களில் சாயம் அதிகமாகப் போடுவதால் இந்த மீதியும் அதிகம். அதை வெளியேற்றத்தான் அசிட்டிக் அமிலத்தில் காரத்தை முறித்து, வெந்நீரில் அலசி, கொதிநிலையை ஒட்டிய சூட்டில் சோப்புக் கரைசலில் ஓட்டும் சோப்பிங் செய்து, மறுபடியும் அலசி எடுக்கிறோம். ஒரு துணி குழந்தைக்கு ஆகுமா ஆகாதா என்பதில் பெரும்பகுதி இந்தக் கடைசி அலசல்களில் முடிவாகிறது என்பது என் அனுபவம். சாயத்தின் விலையைப் பற்றியும் நிறத்தின் பொருத்தத்தைப் பற்றியும் எல்லோரும் பேசுவார்கள். அலசலைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அலசலுக்குத் தண்ணீர் வேண்டும், நீராவி வேண்டும், நேரம் வேண்டும். மூன்றும் காசு. எனவே நான்கு முறை செய்ய வேண்டிய சோப்பிங்கை இரண்டு முறையோடு நிறுத்திவிட்டு, கடைசியில் பிக்ஸர் என்று ஒன்றைப் போட்டு மீதிச் சாயத்தைத் துணியிலேயே கட்டிப்போடும் பழக்கம் உண்டு. தண்ணீரில் நனைத்துப் பார்த்தால் சாயம் போகாதது போலவே இருக்கும். பழைய வகைப் பிக்ஸர்கள் பல பார்மால்டிஹைடு என்ற காட்டமான நெடியுள்ள வேதிப்பொருளைச் சேர்த்துச் செய்யப்பட்டவை. அது இல்லாத பிக்ஸர்கள் இப்போது தாராளமாகக் கிடைக்கின்றன, ஆனால் விலை கூட. சாயம் போவதை மறைப்பதற்காக இன்னொரு வேதிப்பொருளைத் துணியில் விட்டுவைக்கிறோம் என்பதை நான் வேலைக்குச் சேர்ந்து சில ஆண்டுகள் கழித்துத்தான் சரியாக உணர்ந்தேன்.

உன்னிடம் இதுவரை சொல்லாத ஒன்றை இப்போது சொல்லிவிடுகிறேன். நான் முன்பு வேலை பார்த்த பட்டறை ஒன்றில், கைக்குழந்தை உடுப்புக்கான சிவப்புத் துணி லாட் ஒன்று அவசரமாகப் போக வேண்டியிருந்தது. சோப்பிங்கைக் குறைத்துப் பிக்ஸர் போட்டு இறக்கினார்கள். ஆய்வகத்தில் சரி என்று கையெழுத்திட்டவன் நான். வெளிநாட்டுக்காரர் சார்பில் செய்த சோதனையில் அது தேறவில்லை. கைக்குழந்தைத் துணியைச் செயற்கை உமிழ்நீரில் நனைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள், இறங்கிவிட்டது. தைத்து முடித்த சட்டைகள் அப்படியே திரும்பி வந்தன. அவற்றை மறுபடி அலசியிருக்கலாம். அதைச் செய்யாமல் மொத்தமாக உள்ளூர் வியாபாரி ஒருவருக்குக் கிலோ கணக்கில் எடை போட்டுக் கொடுத்துவிட்டார்கள். ஜெர்மனியில் ஒரு குழந்தையின் வாய்க்கு ஆகாதது என்று தள்ளியது நம் ஊரில் ஏதோவொரு குழந்தையின் வாய்க்குப் போயிற்று. மரகதம் தூங்கவில்லை என்று நீ எழுதியதைப் படித்தபோது எனக்கு அந்த லாட்தான் நினைவுக்கு வந்தது.

ஆனாலும் சாயம் போவது வேறு, நஞ்சு வேறு என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். சாயம் போகிற துணி எல்லாமே கேடு செய்வதில்லை. சாயமே போகாத துணி அதனாலேயே நல்லதாகிவிடுவதும் இல்லை. பிராங்க்பர்ட் நகரில் லுட்விக் ரேன் என்ற அறுவை மருத்துவர் 1895ஆம் ஆண்டிலேயே சாயத் தொழிற்சாலைத் தொழிலாளர்களின் சிறுநீர்ப்பையில் புற்றுக்கட்டிகள் வருவதை எடுத்துச் சொன்னார். அரோமாட்டிக் அமைன்கள் எனப்படும் பொருள்களில் பென்சிடின் போன்ற சில இதற்குக் காரணம் என்பது பின்னாளில் உறுதியாயிற்று. சாயங்களில் பெரிய இனமான அசோ சாயங்களில் ஒரு பகுதி, உடலுக்குள்ளோ தோலின் மேலுள்ள நுண்ணுயிர்களாலோ உடைபடும்போது இந்த அமைன்களை வெளிவிடக்கூடியவை. ஜெர்மனி 1994இல் அவற்றைத் தடை செய்தபோது திருப்பூரே ஆடிப்போயிற்று. அதுவரை நாங்கள் கைநிறைய அள்ளிப் போட்ட சாயங்களின் பெயர்களைப் பட்டியலில் தேடித் தேடிப் பார்த்த இரவுகள் எனக்கு நினைவிருக்கின்றன. நம் நாட்டிலும் 1993இல் பென்சிடின் அடிப்படையிலான 42 சாயங்களும், 1997இல் மேலும் 70 அசோ சாயங்களும் தடை செய்யப்பட்டன. ஐரோப்பாவில் ஒரு கிலோ துணியில் இந்த அமைன் ஒவ்வொன்றும் 30 மில்லிகிராமுக்கு மேல் வெளிப்படக் கூடாது என்பது விதி. அசோ என்ற பெயரைக் கேட்டதும் எல்லாவற்றையும் ஒதுக்கிவிட வேண்டியதில்லை; இன்று புழக்கத்தில் உள்ள நல்ல ரியாக்டிவ் சாயங்களிலும் பல அந்த இனத்தைச் சேர்ந்தவைதான், அவை இந்த அமைன்களைத் தருவதில்லை. ஆகவே தெரிந்த நிறுவனத்தின் சாயமா, பெயரில்லாத டப்பாவில் மலிவாக வந்த சாயமா என்பதுதான் நான் எப்போதும் முதலில் கேட்ட கேள்வி. இந்தக் குற்றத்தைக் கண்ணாலோ மூக்காலோ கண்டுபிடிக்க முடியாது. எத்தனை முறை துவைத்தாலும் அது நீங்கிவிடாது. ஆய்வகச் சோதனை ஒன்றுதான் வழி.

பார்மால்டிஹைடின் இயல்பு இதற்கு நேர்மாறானது. அது தண்ணீரில் கரையும்; போடுவதற்கு முன் நன்றாக அலசினால் பெரும்பகுதி போய்விடும். சுருக்கம் விழாத துணி என்று விற்பவற்றிலும், பிக்மென்ட் பிரிண்ட் ஒட்டுவதற்குச் சேர்க்கும் பசையிலும் அது இருக்கக்கூடும். தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் அதை வகைப்படுத்தியது, அது பெரும்பாலும் மூச்சு வழியாக நீண்டகாலம் உட்கொண்டவர்களை வைத்துச் சொன்ன முடிவு. இந்த விஷயத்தில் நான் மிகவும் மதிப்பது ஜப்பானியரை. 1973இல் அவர்கள் இயற்றிய சட்டத்தின் வழியாக, 24 மாதத்துக்குட்பட்ட குழந்தையின் துணியில் கிலோவுக்கு 16 மில்லிகிராம், அதாவது சோதனையில் தென்படவே கூடாத அளவு, என்று வரம்பு கட்டினார்கள். பெரியவர்களின் உள்ளாடைக்கு 75. அந்தப் பொருள் ஆவியாகிப் பக்கத்துத் துணிக்கும் தாவும் என்பதால் கைக்குழந்தை உடுப்பைத் தனிப் பையில் காற்றுப் புகாமல் மூடித்தான் கடையில் வைப்பார்கள். ஜப்பான் ஆர்டர் வந்தபோது பெரியவர் சட்டைகள் இருந்த கிடங்கில் அதை வைத்துவிட்டு நாங்கள் பட்ட பாட்டைச் சொன்னால் உனக்கு இன்னும் நான்கு பக்கம் ஆகும்.

சட்டமே தவறான வழிக்குத் தள்ளிய கதை ஒன்றும் உண்டு. அமெரிக்காவில் 1970களின் தொடக்கத்தில், குழந்தைகளின் இரவு உடை எளிதில் தீப்பற்றக் கூடாது என்று விதி வந்தது. நல்ல நோக்கம்தான். அதை நிறைவேற்ற டிரிஸ் என்ற புரோமின் சேர்மத்தைத் துணியின் எடையில் ஐந்து விழுக்காடு அளவுக்குக்கூட ஏற்றினார்கள். ஆர்லீன் பிளம், புரூஸ் ஏம்ஸ் என்ற இருவர் அது மரபணுவைச் சிதைக்கக்கூடியது என்று 1977 ஜனவரியில் எழுதினார்கள். அந்த ஏப்ரலிலேயே அரசு அதைத் தடை செய்தது. அந்த உடையை அணிந்த குழந்தைகளின் சிறுநீரில் அதன் சிதைவுப் பொருள் இருந்ததை மறு ஆண்டே காட்டினார்கள். துணியில் இருப்பது துணியோடு நின்றுவிடும் என்று என்னிடம் வாதிட்ட முதலாளிகளுக்கெல்லாம் நான் இதைத்தான் சொல்லி வந்தேன். கைக்குழந்தையின் தோல் மெல்லியது. உடல் எடையோடு ஒப்பிட்டால் தோலின் பரப்பு நம்மைவிட அதிகம். கையில் கிடைப்பதெல்லாம் வாய்க்குப் போகும். நம் சட்டைக்குச் சரியான அளவு அவளுக்குச் சரியாகாது.

சட்டையின் மார்பில் பொம்மைப் படம் இருப்பதாக எழுதியிருக்கிறாய். தொட்டால் ரப்பர்போல் தடித்து வழவழப்பாக இருந்தால் அது பிளாஸ்டிசால் பிரிண்டாக இருக்கலாம். அதை இளக வைக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் என்ற பொருள்களில் சில உடலின் இயக்குநீர்களை (ஹார்மோன்களை)க் குலைப்பவை என்பதால் குழந்தைப் பொருள்களில் பல நாடுகள் கட்டுப்படுத்தியிருக்கின்றன. சப்புகிற வயதில் அப்படிப் படம் போட்ட சட்டையே வேண்டாம் என்பது என் கருத்து.

நம் அம்மாக்கள் பிறந்த குழந்தையைத் தாத்தாவின் பழைய வேட்டியில்தான் ஏந்துவார்கள், சேலையில்தான் தூளி கட்டுவார்கள். நூறு முறை துவைத்து வெளுத்த பருத்தியில் பிடிக்காத சாயமோ கஞ்சியோ எதுவும் மிஞ்சியிருக்காது. என் பேரன் பிறந்தபோது நான் அதைத்தான் வற்புறுத்தினேன். ஆனால் அந்தப் பழந்துணி பெட்டியில் அந்துருண்டையோடு கிடந்ததா என்று அவசியம் பார்க்க வேண்டும். அது நாப்தலீன்; பிறவியிலேயே ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள கைக்குழந்தைகளுக்கு, அந்த வாசம் ஏறிய துணியை உடுத்தியதாலேயே இரத்தச் சிவப்பணுக்கள் சிதைந்து மஞ்சள் காமாலை கடுமையாகியிருக்கிறது. பட்டறை சேர்க்காத நஞ்சை நம் பீரோ சேர்த்துவிடும். உன் வீட்டில் இருந்தால் இன்றே எடுத்துவிடச் சொல்.

சாயக்கழிவு ஓடிய நொய்யல் ஆற்றை நீ பார்த்திருக்கிறாய். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது நாங்கள் நூற்றுக்கணக்கான பட்டறைக்காரர்களும் தொழிலாளர்களும் தெருவில் நின்றோம். ஒரத்துப்பாளையம் அணையில் தேங்கிய கழிவையும் அதற்குக் கீழே உப்பேறிய நிலங்களையும் பார்த்தவர்கள் அந்தத் தீர்ப்பைக் குறை சொல்ல மாட்டார்கள். அதன்பின் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தக் கற்றுக்கொண்டோம். விதியும் கேட்கிற ஆளும் இருந்தால் இந்த ஊரால் எதையும் செய்ய முடியும். ஏற்றுமதித் துணிக்கு வாங்குகிறவர் கேட்கிறார். துணியில் கேடான பொருள்கள் வரம்புக்குள் இருக்கின்றன என்று சோதித்துத் தரும் ஓயெக்கோ டெக்ஸ் சான்று கேட்கிறார், அதில் மூன்று வயதுக்குட்பட்டோர் துணி மிகக் கடுமையான முதல் வகுப்பில் வருகிறது. அதே தெருவில், அதே சட்டியில் உள்ளூருக்குச் சாயமேறும் துணிக்கு யாரும் எதையும் கேட்பதில்லை. இரண்டுக்கும் வேண்டிய அறிவு எங்களிடம் ஒன்றாகவே இருக்கிறது என்பதுதான் என்னை வருத்துகிறது. ஓய்வு பெற்ற பிறகு இங்குள்ள இரண்டு சிறு பட்டறைகளுக்குப் போய், உள்ளூர்க் குழந்தைத் துணிக்கும் உமிழ்நீர்ச் சோதனை செய்து பார்க்கச் சொல்லி வருகிறேன். ஒருவர் இசைந்திருக்கிறார்.

நீ செய்ய வேண்டியது இவ்வளவுதான். இனி எடுப்பது வெள்ளையாகவோ வெளிர் நிறமாகவோ இருக்கட்டும். எந்தப் புதுத்துணியையும் இரண்டு மூன்று முறை அலசி வெயிலில் உலர்த்திப் போடச் சொல். ஈரமான வெள்ளை வேட்டித் துண்டால் தையலோரத்தை அழுத்திப் பத்து முறை தேய்த்துப் பார். நிறம் ஒட்டினால் திருப்பிக் கொடு, ஏன் என்று கடைக்காரரிடம் சொல்லிவிட்டே கொடு. குழந்தைக்குத் தடிப்பு, வாந்தி, சோர்வு ஏதேனும் தெரிந்தால் சட்டையையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போக வேண்டும். நீ எழுதியதைப் பார்த்தால் அவள் நன்றாகவே இருக்கிறாள். ஒருநாள் சப்பியதை நினைத்து மரகதம் கலங்க வேண்டாம்.

அந்தச் சிவப்புச் சட்டையை எறிந்துவிடாதே. துவைக்காமல் ஒரு பையில் போட்டு எனக்கு அனுப்பிவை. என்னிடம் படித்த பையன் ஒருவன் இங்கே சோதனைக் கூடத்தில் இருக்கிறான்; அமைனும் பார்மால்டிஹைடும் பார்த்துச் சொல்லச் சொல்கிறேன். என்ன வந்தாலும் உள்ளபடி உனக்கு எழுதுகிறேன். பேத்திக்கு நான்கு வெள்ளைச் சட்டைகள் தைக்கக் கொடுத்திருக்கிறேன். துணியை நானே நின்று அலசி எடுத்தேன்.

அன்புடன்,
பழனிசாமி